அணியெழுத்து வந்த வழி

எழுத்து என்பது படிப்பதற்காக ஏற்பட்டது. ஆயினும், படிக்கப்படுமுன் பார்க்கப்படும் எழுத்து என்று ஒன்று உண்டு. விழாப் பந்தலின் முகப்பிற் கட்டும் பலகை, மலரின் மேலட்டை, சங்கத்தின் இலச்சினை, நாடகத்தின் பெயர், பரிசுச் சான்றிதழின் தலைப்பு ஆகிய இவ்விடங்களிலெல்லாம் எழுத்து தன் பொருளை உணர்த்துவதற்கு முன்னரே தன் வடிவால் ஒன்றை உணர்த்திவிடுகின்றது. அத்தகைய எழுத்தை அணியெழுத்து என்று வழங்குவோம். அதனை விலையின்றியும் பெரும் பயிற்சியின்றியும் வீட்டுக் கணிப்பொறியிலேயே ஆக்கிக்கொள்ளும் கருவிகள் இன்று நமக்கு வாய்த்துள்ளன. அவை வந்த வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாயகத்தில் வாழ்வோர்க்கு இது சிறு செய்தியாகத் தோன்றலாம். மதுரையிலோ திருச்சியிலோ பலகை எழுதுவோர் ஒருவர் ஓர் எழுத்தைப் பிறழ எழுதிவிட்டால் தெருவிற் போகும் சிறுவனே சுட்டிக் காட்டுவான். வெளிமாநில நகரங்களில் வாழும் நமது நிலை வேறு. பலகை அச்சிடும் கடைக்காரர்க்குத் தமிழ் தெரியாது. ஒற்றைக் கொம்பு எழுத்தின் முன்னே நிற்பதா, பின்னே நிற்பதா என்பதை அவர் அறியார். எழுத்துக்கு மாறாகக் கட்டங்களே வந்தாலும், தமிழ் இவ்வாறுதான் இருக்கும் போலும் என்று அச்சிட்டுத் தந்துவிடுவார். அவர்மேற் குற்றமில்லை, அறியாத மொழியின் எழுத்து எவர்க்கும் கோலமே. ஆனால் நம் பிள்ளைகளிற் பலர் தமிழெழுத்தை ஆளுயரத்திற் காணும் இடம் ஆண்டுக்கு ஒருமுறை கட்டப்படும் அப்பலகை ஒன்றேயாகும். அதில் 'பொங்கல்' என்னும் சொல்லின் கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமும் சிதறிக் கிடந்தால், அவர்கள் கண்ணிற் பதிவது எது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எழுத்தை ஆக்கும் கருவி நம் கையில் இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் பெரிய காரணம் வேண்டுவதில்லை.

தமிழெழுத்தின் அச்சு வரலாற்றை நோக்குவார்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. அதன் பெரும் பகுதி தமிழகத்திற்கு வெளியே நிகழ்ந்தது என்பதே அவ்வியப்பு. 1554-ஆம் ஆண்டில் லிசுபன் நகரில் தமிழ்மொழி நூல் ஒன்று அச்சேறியது. ஆனால் அதன் தமிழ் உரோமன் எழுத்திலே அமைந்திருந்தது. தமிழெழுத்தாலேயே அச்சிட்ட நூல் 1578-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்'. அதனை ஆக்கியவர் போர்ச்சுகீசியத் துறவியாகிய அண்டிரிக் அடிகளார். பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல் அது. கோவாவில் 1577-இல் வார்த்த எழுத்துகள் ஒருவகை. கொல்லத்தில் அடுத்த ஆண்டு வார்த்தவை மற்றொருவகை. 1579-இல் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வந்தது. கோவா, கொல்லம், கொச்சி என்று மேலைக் கடற்கரை ஊர்களிலே தமிழெழுத்து ஈயத்திற் பிறந்து வளர்ந்தது. தம்பிரான் வணக்கத்தின் படி இன்று அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றது. புலம்பெயர்ந்தோர் பட்டியலில் அதனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகள் கழிந்தபின், தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு தமிழெழுத்துகளைச் செருமனியிலுள்ள ஆலே நகரில் வார்க்கச் செய்தார். அவை 1713-இல் இங்கு வந்து சேர்ந்தன. வந்த எழுத்துகள் அளவிற் பெரியவை. தாளோ அரிய பொருள். ஆதலின் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டு, 1715-இல் புதிய ஏற்பாட்டினை முடித்தார்கள். தாளின் பஞ்சம் எழுத்தின் உருவத்தையே மாற்றியது என்பது கருதற்குரியது. பின்னர் 1761-இல் புதுவையை ஆங்கிலேயர் கைப்பற்றியபோது அங்கிருந்த அச்சுப்பொறி சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு வேப்பேரியில் பாப்ரிசியசு பாதிரியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்க மிசன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் என்பார் தமிழெழுத்துகளைச் சிறியனவாகவும் கண்ணுக்கினியனவாகவும் திருத்தி அமைத்தார். 1862-இல் வெளிவந்த வின்சுலோவின் பேரகராதியை இன்று புரட்டுவோரும் அவ்வெழுத்தின் நேர்த்தியை உணர்வர்.

இவையெல்லாம் படிக்கும் எழுத்தின் வரலாறு. பார்க்கும் எழுத்தின் கதை வேறு. ஈயத்திற் பெரிய எழுத்தை வார்த்தால் எடை மிகும், விலையும் மிகும். ஆகவே சுவரொட்டிகளுக்கு மரத்திற் செதுக்கிய எழுத்துகள் பயன்பட்டன. அச்சகத்தின் அறைப்பெட்டியில் இருப்பனவற்றைக் கொண்டே அணி செய்தாக வேண்டும். பூவும் கொடியுமான சிறு வார்ப்புத் துண்டுகளை வரிசையாகக் கோத்து ஓரம் கட்டுவார்கள். தடித்த கோடு ஒன்றும் மெல்லிய கோடு ஒன்றும் சேர்த்துப் பெட்டி போடுவார்கள். வேறு வடிவம் வேண்டுமாயின் ஓவியரை நாட வேண்டும். அவர் வெண்ணட்டையிற் கரிய மையாற் பெரிதாக எழுதித் தருவார். அதனைப் படம் பிடித்து, துத்தநாகத் தகட்டில் ஏற்றி, அமிலத்தில் அரித்து, மரக்கட்டையில் ஆணியடித்து, எழுத்தின் உயரத்திற்குச் சமன் செய்து தருவார் பிளாக் செய்பவர். அந்தக் கட்டை உடையாமல் இருக்கும்வரை அதுவே அமைப்பின் இலச்சினை. பழைய சங்கங்களின் அலமாரிகளில் மை காய்ந்த இத்தகைய பிளாக்குகள் உறங்குவதுண்டு. ஓவியரும் பிளாக் செய்பவரும் இல்லாத ஊரில் இருந்தவர்கள், வெறும் ஈய எழுத்தோடு மனம் அமைந்தார்கள்.

1978-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தையும் இங்கே ஒரு வார்த்தை குறிக்க வேண்டும். பெரியார் 1935 முதல் 'குடி அரசு' இதழிற் கையாண்டு வந்த வடிவங்களே அவை. ணா, றா, னா முதலியனவும், ணை, லை, ளை, னை என்பனவுமாகப் பதின்மூன்று எழுத்துகள் தம் சுழிகளையும் துதிக்கைகளையும் இழந்தன. அச்சுக் கோப்பவர்க்கு அது எளிமை. பலகை எழுதும் ஓவியர்க்கோ சற்று இழப்பு. துதிக்கையோடு கூடிய பழைய லை, தலைப்புக்கு ஒரு தனி அழகு தந்தது என்பது நம் எண்ணம். அதற்காகப் பழைமைக்குத் திரும்ப வேண்டும் என்று நாம் வழக்காடவில்லை.

இனி, ஈயம் மறைந்து கணக்கு வந்த காலத்திற்கு வருவோம். கணிப்பொறியில் எழுத்து என்பது வளைகோடுகளின் தொகுதி. அவ்வளைகோடுகள் எழுத்துக்காகப் பிறந்தவை அல்ல. மோட்டார் வண்டிகளின் உடல் வளைவை வரைவதற்காகப் பிரான்சு நாட்டில் சித்ரோன் நிறுவனத்துப் பால் த காசுதல்யோவும், இரெனோ நிறுவனத்துப் பியேர் பெசியேயும் வகுத்த கணக்குமுறை அது. வளைவின் இரு முனைகளையும், அதனை இழுத்து வளைக்கும் இரு புள்ளிகளையும் குறித்துவிட்டால் வளைகோடு தானே அமையும். 'ழ' என்னும் எழுத்தின் சுழிவும் மோட்டாரின் முகப்பு வளைவும் ஒரே கணக்கினால் ஆகின்றன. இம்முறையில் அமைந்த எழுத்தை எறும்பளவாகவும் யானையளவாகவும் பிசிறின்றி ஆக்கலாம். மரவெழுத்தும் பிளாக்கும் தேவையற்றுப் போனமை இதனால்தான்.

இத்துறையில் இருவர் செய்த தொண்டினைச் சற்று விரித்துரைத்தல் தகும். ஒருவர் தானல்டு குநுத் என்னும் அமெரிக்கப் பேராசிரியர். 1977-இல் தம் பெருநூலின் இரண்டாம் தொகுதியின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப்படிகளைக் கண்டபோது, எழுத்தின் அவலட்சணத்தைப் பொறுக்க மாட்டாமல், நூலெழுதுவதை நிறுத்திவிட்டு அச்சுக் கோக்கும் மென்பொருளையும் எழுத்து வடிக்கும் மென்பொருளையும் தாமே எழுதத் தொடங்கினார். சில திங்களில் முடியும் என்று எண்ணிய பணி பல ஆண்டுகளை விழுங்கியது. டெக் என்றும் மெட்டாபாண்ட் என்றும் பெயர் பெற்ற அவ்விரண்டையும் உலகோர்க்கு விலையின்றி வழங்கினார்.

மற்றவர் இரிச்சர்டு சுடால்மன். மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் அவர் பணியாற்றியபோது, ஆய்வகத்திற்கு வந்த ஒரு லேசர் அச்சுப்பொறி அடிக்கடி தாளைச் சிக்கவைத்தது. அதன் மென்பொருளின் மூலநிரல் கிடைத்தால் தாமே திருத்திக்கொள்வோம் என்று கேட்டார், மறுக்கப்பட்டது. 1983-இல் அவர் குனூ என்னும் திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னணியாக நின்ற நிகழ்ச்சிகளில் இதுவும் ஒன்று. மென்பொருளை எந்த நோக்கத்திற்கும் இயக்கவும், ஆராயவும், திருத்தவும், பிறர்க்குப் படியெடுத்து வழங்கவும் உரிமை வேண்டும் என்பது அவர் கொள்கை. அவ்வுரிமையைச் சட்ட ஆவணமாக்கிய பொது உரிமம் 1989-இல் வந்தது. ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் உரிமைக்கும் சொல் ஒன்றே ஆதலின் அங்கே ஓயாத குழப்பம். தமிழில் 'இலவசம்' என்றும் 'கட்டற்றது' என்றும் இரு சொற்கள் உள்ளமையால் நமக்கு அத்துன்பம் இல்லை. இலவசமாகக் கிடைப்பதெல்லாம் கட்டற்றது அன்று. இவ்வேறுபாடு எழுத்துருவைப் பற்றிப் பேசும்போது மீண்டும் வரும்.

கட்டற்ற கருவிகளுள் அணியெழுத்துக்கு முதலில் வழி திறந்தது கிம்ப். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவர்களாக இருந்த சுபென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிசு என்னும் இருவர் 1995-இல் அதனை அறிவித்து, 1996-இல் பொதுமக்கள் கைக்குத் தந்தனர். பொத்தான்களும் பட்டியல்களும் அமைப்பதற்கு அவர்கள் முதலிற் கையாண்ட கருவிப்பை விலைக்குரியதாக இருந்தது. எனவே தமக்கென்று ஒரு கருவிப்பையையும் எழுதினர். ஜி.டி.கே. என்னும் அக்கருவிப்பை பின்னர்க் கிம்பினும் பெரிதாக வளர்ந்து, ஒரு கணிப்பொறி மேசைச் சூழல் முழுவதற்கும் அடித்தளமாயிற்று. லினக்சின் சின்னமாகிய பென்குவின் பறவையை லாரி யூயிங் என்பார் 1996-இல் வரைந்ததும் கிம்பில்தான்.

அதன் முதற் பதிப்புகளில் இலச்சினைகளுக்கென்றே ஒரு பட்டியல் இருந்தது. பெயரைத் தட்டச்சிட்டு, பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தால், எழுத்து நியான் விளக்காக ஒளிரும். குரோமியம் பூசியதாக மின்னும். பனி படர்ந்ததாகவோ சுண்ணக்கட்டியால் எழுதியதாகவோ தோன்றும். பசுமாட்டின் மேனிபோற் கருந்திட்டுகள் பரவிய எழுத்துக்கும் அங்கே ஒரு கட்டளை இருந்தது! எவர்க்கு அது பயன்பட்டதோ தெரியாது; பால் பண்ணைக்காரர் எவரேனும் மகிழ்ந்திருப்பர். இவையெல்லாம் 'ஸ்கிரிப்ட்-பூ' என்னும் சிறு நிரல்களால் ஆனவை. ஓவியர் பத்துப் படிகளிற் செய்வதை நிரல் ஒரு நொடியிற் செய்தது. 1990-களின் இறுதியில் இணையம் முழுதும் ஒரே வகையான மின்னும் தலைப்புகள் நிறைந்ததற்கு இவ்வெளிமையே காரணம். மைக்ரோசாப்டு நிறுவனத்தின் வேர்ட்-ஆர்ட் வந்தபின் ஊர்தோறும் கல்யாண அழைப்பிதழ்களும் பள்ளி அறிவிப்புகளும் வானவில் நிறத்தில் வளைந்து நெளிந்ததை நினைவுகூர்வோர் பலர். கருவி எளிதாகும்போது கை சற்று மிகையாகச் செல்வது இயல்பே.

கிம்ப், படத்தைப் புள்ளிகளின் கூட்டமாகக் கொள்வது. அதிற் செய்த தலைப்பு மலரின் பக்கத்திற்குப் பொருந்தும். இருபது அடிப் பலகைக்குப் பெருக்கினால் ஓரங்கள் படிக்கட்டாகும். இலச்சினைக்கு வேண்டுவது முன்னர்ச் சொன்ன வளைகோட்டு முறை. அவ்வகைப் படங்களுக்குப் பொதுவான ஒரு கோப்பு வடிவினை உலகளாவிய வலை அமைப்பு 2001-இல் நிறுவியது, எஸ்.வி.ஜி. என்பது அதன் பெயர். அதனையே தாய்வடிவாகக் கொண்டு எழுந்தது இங்க்ஸ்கேப். அதன் குலமுறை சுவையானது. இராப் லெவியன் தொடங்கிய 'கில்' என்னும் சிறு மென்பொருளிலிருந்து எசுதோனியரான லவுரிசு கப்லின்சுகியின் சோடிபோடி கிளைத்தது. சோடிபோடி செல்லும் வழியில் உடன்படாத நால்வர் 2003-இல் அதனினின்று பிரிந்து இங்க்ஸ்கேப்பை அமைத்தனர். மூலநிரல் பொதுவாதலின் பிரிந்து செல்வதற்கு வழக்கு மன்றம் ஏற வேண்டியதில்லை. பதினாறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 2020 மே மாதத்தில் 1.0 என்னும் எண்ணை எட்டினர். அதுவரை 0.92 என்று அடக்கமாகப் பெயரிட்டு வந்த அவர்தம் பொறுமை, இரண்டு திங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு என்று முழங்கும் வணிகர்க்கு வியப்பளித்திருக்கும்.

கடிதம் எழுதும் செயலியிலேயே தலைப்பையும் வளைத்துக்கொள்ள விரும்புவோர்க்கு லிப்ரெ ஆபீசில் 'பாண்ட்வொர்க்' என்னும் பகுதி உண்டு. 2010-இல் ஓப்பன் ஆபீசினின்று பிரிந்தது அது. வில்லாகவும் அலையாகவும் எழுத்தை வளைக்கும், சான்றிதழுக்குப் போதுமானது. அதற்குமேல் அதனிடம் எதிர்பார்த்தலாகாது.

கருவிகள் இவ்வாறு பெருகினும், அவற்றில் தமிழ் நுழைவது எளிதாக நடைபெறவில்லை. 1980-களிலும் 1990-களிலும் கணிப்பொறியின் எழுத்தட்டவணை 256 இடங்களே கொண்டது. உரோமன் எழுத்துகள் இருந்த இடத்திலேயே தமிழெழுத்தின் உருவங்களை மறைத்து வைப்பது அக்கால உபாயம். ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி வைத்தனர். ஓர் அச்சகத்தில் எழுதியதை மற்றோர் அச்சகத்தில் திறந்தால், அந்த எழுத்துரு அங்கே இல்லையாயின், பொருளற்ற உரோமன் குப்பையே தெரியும். இக்காட்டிலும் நற்பணி புரிந்தோர் இருந்தனர். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை விலையின்றி வழங்கினார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வாயிலாகப் பழந்தமிழ் நூல்களை மின்வடிவாக்கும் பணியையும் அவர் முன்னின்று நடத்தினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' செய்தார். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முளைத்துப் புனே நகரின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த 'ஜிஸ்ட்' நுட்பம் இந்திய மொழிகள் அனைத்திற்கும் உதவியது. 1999-இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் தாம், தாப் என்னும் பொதுக் குறியீடுகளும் தமிழ் 99 விசைப்பலகையும் உண்டாயின. 2005 ஏப்ரலில் நடுவண் அரசின் சார்பில் தமிழ் எழுத்துருக்களும் மென்பொருள்களும் அடங்கிய குறுந்தகடு இலவசமாக வழங்கப்பட்டது. லிசுபன், கோவா, ஆலே என்று முன்னர் எழுதினோம். லோசான், கோலாலம்பூர், புனே என்று இப்போது எழுதுகிறோம். ஊர்ப்பெயர்கள் மாறின, தொலைவிலிருந்து தமிழெழுத்தைச் செதுக்கும் வழக்கம் மாறவில்லை.

1991-இல் முதற்பதிப்புக் கண்ட யூனிகோடு, உலக எழுத்துகள் அனைத்திற்கும் தனித்தனி எண் வகுத்தது. தமிழக அரசு 2010-இல் அதனை ஏற்றது. ஆனால் யூனிகோட்டில் உள்ள தமிழ், சேர்த்து வைத்த உருவம் அன்று. ஒலிமுறைப்படி வரிசையிட்ட உறுப்புகளே. 'கொ' என்னும் எழுத்தில் ககரம் முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் சேமிக்கப்படும். திரையிற் காட்டும்போது கொம்பை முன்னே இழுத்துவந்து, காலைப் பின்னே வைத்து, நடுவில் ககரத்தை நிறுத்துவது தனியொரு மென்பொருளின் கடமை. அதனைச் செய்யத் தெரியாத வரைகலைச் செயலியில் தமிழை இட்டால் உறுப்புகள் சிதறும். விலை மிக்க வணிகச் செயலிகள் சிலவே நெடுங்காலம் இதனைச் செய்ய அறியாதிருந்தன. நம் பலகைகள் உடைந்த வரலாற்றின் வேர் இங்கேதான் உள்ளது.

கட்டற்ற உலகில் இப்பணியை ஏற்றவை பாங்கோ, ஹார்ப்பஸ் என்னும் இரண்டு. பாங்கோ என்பதில் 'பான்' கிரேக்கச் சொல். 'அனைத்தும்' என்று பொருள். 'கோ' சப்பானியச் சொல். 'மொழி' என்று பொருள். கிம்பும் இங்க்ஸ்கேப்பும் எழுத்தைக் கோக்கும் வேலையைப் பாங்கோவிடம் ஒப்படைத்தமையால், தமிழ் அங்கே சிதறாமல் நின்றது.  அரபும் தேவநாகரியும் திருந்தியபோது தமிழும் உடன் திருந்தியது. மலரின் பக்கங்களை அமைக்கும் ஸ்கிரைபசு என்னும் மென்பொருள் மட்டும் பிந்தியது. இந்திய எழுத்துகளைச் செவ்வனே கோக்கும் ஆற்றல் 2017-இல் அதன் சோதனைப் பதிப்பில் வந்தது. 2024-இல் வெளியான 1.6 நிலைபெற்ற பதிப்பில் எல்லார்க்கும் கிடைத்தது.

கருவி இருந்தும் எழுத்துரு இல்லையேல் பயனென்ன? 2004 அளவில் ரெட் ஹாட் நிறுவனம் 'லோகித்' எழுத்துருக்களை வழங்கியது. லோகிதம் என்றால் வடமொழியிற் செந்நிறம். நிறுவனத்தின் செந்தொப்பியை நினைந்த பெயர். அது படிக்கத் தகுந்தது, அணிக்கு உரியதன்று. 2005-இல் எஸ்.ஐ.எல். அமைப்பு எழுத்துருக்களுக்கென்றே ஒரு கட்டற்ற உரிமத்தை வகுத்தது. அவ்வுரிமம் உடைய எழுத்துருவை எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், படியெடுத்து வழங்கலாம். தனிப்பண்டமாக விற்பது மட்டும் கூடாது. அதனால் ஆக்கிய மலரையும் இலச்சினையையும் அவ்வுரிமம் கட்டுப்படுத்தாது. 2010-இல் கூகுள் நிறுவனம் தொடங்கிய எழுத்துருத் தொகுப்பில், சில ஆண்டுகளுக்குள் இவ்வுரிமத்தோடு தமிழும் இடம்பெற்றது. பிரியா ரவிச்சந்திரனின் 'கட்டமரான்', தாரிக் அசீசின் 'பவனம்', 'கவிவனார்', அகமதாபாத்து இந்தியன் டைப் பவுண்டரியின் 'ஹிந்த் மதுரை', மும்பை ஏக் டைப் குழுவின் 'முக்த மலர்' ஆகியவை அவற்றுட் சில. கேரளத்தின் சுதந்திர மலையாளக் கணிமைக் குழுவும் 'மீரா இனிமை' என்னும் தமிழெழுத்துருவை அளித்தது. நல்ல அண்டை வீட்டார்!

ஏக் டைப் குழுவின் 'பலூ' குடும்பத்தைத் தனியே சொல்லாமல் விட மனம் வரவில்லை. உருண்டு திரண்ட, தடித்த, குழந்தைகள் விரும்பும் எழுத்து அது. இந்தியாவின் எழுத்துமுறைகள் பலவற்றிற்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழுக்குப் பலூ தம்பி. மலையாளத்திற்குப் பலூ சேட்டன். தெலுங்கிற்குப் பலூ தம்முடு. கன்னடத்திற்குப் பலூ தம்மா. வங்கத்திற்குப் பலூ தா. குசராத்திக்குப் பலூ பாய். குருமுகிக்குப் பலூ பாஜி. ஒடியாவிற்குப் பலூ பைனா. உருதுவிற்குப் பலூ பாய்ஜான். பெரும்பாலும் உடன்பிறந்தாரை விளிக்கும் பெயர்களே. ஒரே தடிப்பும் ஒரே வளைவும் உடையனவாக இவை அமைந்தமையால், பலகையில் தமிழோடு நாம் வாழும் மாநிலத்தின் மொழியையும் அடுத்தடுத்து இட்டால் இரண்டும் ஒரு கையெழுத்துப் போல் ஒத்திருக்கும். நம் போன்ற சங்கங்களுக்கு இதனினும் உகந்த எழுத்துரு அரிது. தம்பியும் பைனாவும் தோளோடு தோள் நிற்கும் பலகை எந்த ஊரிலும் அழகாகவே இருக்கும்.

முன்னர்ச் சொன்ன வேறுபாட்டை இங்கே நினைவுகொள்க. இணையத்தில் 'இலவசம்' என்று தரப்படும் எழுத்துருக்களிற் பல, தனிமனிதர் பயனுக்கு மட்டும் என்னும் கட்டுப்பாடு உடையன. விளம்பரம் பெற்று அச்சிடும் மலர் தனிமனிதர் பயன் ஆகுமா என்பது வழக்கறிஞர்க்கு வேலை தரும் வினா. எழுத்துருவோடு வரும் உரிமக் கோப்பை ஒருமுறை படித்துவிட்டால் அவ்வினா எழாது. திருட்டுப் படியாக வாங்கிய வணிகச் செயலியைப் பற்றிச் சொல்ல வேண்டியதேயில்லை.

தமிழெழுத்தின் இயல்பறிந்து அணி செய்தல் வேண்டும் என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே. உரோமன் எழுத்துக்கு வகுத்த அணிகளெல்லாம் தமிழுக்குப் பொருந்தா. நமக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பிரிவில்லை; தலைப்பைப் பருமையாலும் அளவாலும் மட்டுமே உயர்த்திக் காட்ட முடியும். ண, ஞ, ழ ஆகியவற்றின் சுழிகள் சிறியன. தடித்த புறக்கோடு இட்டால் உள்வெளி அடைபட்டு எழுத்து மைக்கட்டியாகும். புள்ளியும் மேல்விலங்கும் எழுத்தின் மேலே எழுவதால் வரிகளை நெருக்கினால் ஒன்றோடொன்று மோதும். இலச்சினையின் வட்டத்தைச் சுற்றிச் சங்கத்தின் பெயரை வளைத்து எழுதும்போது வட்டம் சிறிதாயின், 'சோ' போன்ற எழுத்துகளின் மூன்று உறுப்புகளும் விசிறிபோல் விரிந்து தனித்தனி எழுத்துகளாகத் தோன்றும். வட்டத்தைப் பெரிதாக்குவதோ பெயரைச் சுருக்குவதோ நலம். நிழலும் புடைப்பும் ஒன்றே போதும். இரண்டும் சேர்ந்தால் படிப்பவர் கண் நோகும்.

எந்தக் கருவியை நாடுவது என்று கேட்கும் அன்பர்களுக்கு, இலச்சினைக்கும் பலகைக்கும் இங்க்ஸ்கேப், புகைப்படத்தின்மேல் எழுத்திடுவதற்குக் கிம்ப், சான்றிதழுக்கு லிப்ரெ ஆபீசு என்று கொள்ளுதல் போதும். இம்மூன்றும் விண்டோசு, மேக், லினக்சு ஆகிய மூன்றிலும் இயங்கும்; சாதாரணக் கணிப்பொறியே போதுமானது. புதிய எழுத்துருவையே வடிக்க விழைவோர்க்கு ஜார்ஜ் வில்லியம்சு தொடங்கிய பாண்ட்போர்ஜ் உண்டு. ஆலேயில் வார்ப்படச் சாலை வைத்துச் செய்த வேலையை அஃது ஒரு மேசைக்குள் அடக்கிவிட்டது.

இங்க்ஸ்கேப்பில் எழுத்தை அமைத்து முடித்தபின், கடைக்கு அனுப்புமுன், அதனை வளைகோடாக மாற்றும் கட்டளை ஒன்று உண்டு. அதன்பின் அஃது எழுத்தன்று, வெறும் படம். எந்த ஊர்க் கடையில், எந்தச் செயலியில், எந்த எழுத்துருவும் இல்லாத கணிப்பொறியில் திறந்தாலும் கொம்பு கொம்பின் இடத்திலும் கால் காலின் இடத்திலும் நிற்கும். தமிழ் அறியாத கடைக்காரர் அதனைச் சிதைக்க வழியில்லை. எழுத்தாகவே உள்ள படி ஒன்றைத் தனியே சேமித்து வைத்துக்கொள்க. அடுத்த ஆண்டு விழாவின் எண்ணை மாற்ற அது வேண்டியிருக்கும்.